புல்பப் துப்பாக்கி: இந்திய வடிவமைப்பு முயற்சிகளின் வரலாறு

புல்பப் என்பது துப்பாக்கி வடிவமைப்பு முறைகளுள் ஒன்றாகும். வழக்கமான துப்பாக்கியில் மேகசின் எனப்படும் தோட்டாக் கூடு விசைக்கு முன்னால் இருக்கும். விசைக்குப் பின்னால் தோளில் பதியும் பின்கட்டை மட்டுமே இருக்கும். புல்பப் முறையில் தோட்டாக் கூடு, தோட்டா அறை, இயங்கு பகுதி ஆகிய அனைத்தும் விசைக்குப் பின்னால், அந்தப் பின்கட்டைக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. இதனால் குழலின் நீளத்தைக் குறைக்காமலே துப்பாக்கியின் மொத்த நீளம் குறைகிறது.

இந்தியாவில் இம்முறை சிறப்புப் படைகளிடம் வெளிநாட்டுத் துப்பாக்கியாக வந்தது. உள்நாட்டு வடிவமைப்பில் பாதி தூரம் சென்று நின்றது. காலாட்படையின் பொதுத் துப்பாக்கியாக ஒருபோதும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோவளமும் திருவிடந்தையும்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே, நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர் திருவிடந்தை. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இந்தியப் பாதுகாப்புத் துறையின் டெஃப்எக்ஸ்போ கண்காட்சி இங்கு நடைபெற்றது. அப்போது இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். ஏப்ரல் 12 அன்று பிரதமர் கண்காட்சியை முறைப்படி தொடங்கிவைத்தார். காவிரிப் போராட்டத்தின் கறுப்புக் கொடிகளும் கறுப்புப் பலூன்களும் செய்தித்தாள்களை நிறைத்ததால், அரங்குகளில் வைக்கப்பட்டிருந்த கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு.

திருவிடந்தைக்குச் சற்று வடக்கே உள்ள கோவளத்தில் 1752இல் ஒரு முற்றுகை நடந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையையும், அதையடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். அவருக்குக் கிடைத்தவர்கள் புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய 200 பேரும். கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒருவரைக் கொன்றதும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள் என்றும், காவலுக்கு நின்ற ஒருவர் பீரங்கிச் சத்தத்துக்கு அஞ்சிக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டார் என்றும் மெக்காலே எழுதியிருக்கிறார்.

அக்காலப் பிரித்தானியப் படையின் நீள்வகை மஸ்கட்டில் குழல் மட்டும் 46 அங்குலம். முழுத் துப்பாக்கி ஐந்தடிக்கும் மேல். ஓடுகிறவனுக்கும் ஒளிகிறவனுக்கும் அது பெரும் சுமை. கோவளத்து மஸ்கட்டுக்கும் திருவிடந்தைக் கண்காட்சிக்கும் இடையிலுள்ள 266 ஆண்டுகளில் காலாட்படைத் துப்பாக்கியின் நீளம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அந்தக் குறைப்பின் கடைசிப் படிகளில் ஒன்றுதான் புல்பப்.

குழலை ஏன் வெட்டிவிடக் கூடாது?

துப்பாக்கி நீளமாக இருக்கிறது என்றால் குழலைக் குறைத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். குறைக்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. தோட்டாவில் உள்ள வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் அதை முழு வலுவுடன் தள்ளும். குழல் குட்டையானால் குண்டு முழு வேகம் பெறும் முன்பே வெளியேறிவிடும். மிச்ச வாயு வாய்ப்பகுதியில் தீயாகவும் ஓசையாகவும் வீணாகும். 5.56 மி.மீ. போன்ற சிறு குண்டு தன் வலிமையை எடையிலிருந்து அல்ல, வேகத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே அந்த அளவில் குழல் நீளம் இன்னும் முக்கியம்.

இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிட்டால் புல்பப் முறையின் கவர்ச்சி விளங்கும். இந்திய இன்சாஸ் துப்பாக்கியின் குழல் 464 மி.மீ., மொத்த நீளம் 960 மி.மீ. இஸ்ரேலிய டவோர் துப்பாக்கியின் குழல் 460 மி.மீ., மொத்த நீளமோ சுமார் 720 மி.மீ. குழல் கிட்டத்தட்ட ஒன்றே. மொத்தத்தில் 24 செ.மீ. மிச்சம். ஒரு பள்ளி அளவுகோலைவிடச் சற்றுக் குறைவான இந்த நீளம், கவச வண்டியின் கதவு வழியாக இறங்கும்போதும், மாடிப்படித் திருப்பத்திலும், ஹெலிகாப்டரின் இருக்கையிலும் பெரிதாகத் தெரியும்.

இழப்புகளும் சிறியவை அல்ல. விசை முன்னாலும் அது இயக்க வேண்டிய பொறி பின்னாலும் இருப்பதால் இடையே நீண்ட இணைப்புத் தண்டு தேவை. அதனால் விசையை அழுத்தும்போது கிடைக்க வேண்டிய துல்லிய உணர்வு மங்குகிறது. தோட்டா அறை சுடுபவரின் கன்னத்துக்கு அருகிலேயே இருக்கிறது. வெற்று உறைகள் வலப்பக்கமாகத் தெறித்தால், இடத்தோளில் வைத்துச் சுடுபவரின் முகத்தில் அவை படும். தோட்டாக் கூட்டை மாற்றக் கையை அக்குளுக்கு அருகே கொண்டுவர வேண்டும். வழக்கமான துப்பாக்கியில் ஆண்டுக்கணக்காகப் பழகிய கைக்கு இது எளிதில் வருவதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட ஒரு படையில் இந்தக் கடைசிக் குறையே மிகப் பெரியது என்பது என் கருத்து. கருவியை வாங்கிவிடலாம், கைப்பழக்கத்தை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும்.

உலக முன்னோடிகள்

இம்முறையில் 1901இலேயே இங்கிலாந்தில் தார்னிகிராஃப்ட் என்ற துப்பாக்கி செய்யப்பட்டது. ராணுவம் அதை ஏற்கவில்லை. முதல் தீவிர முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே நாட்டில் உருவான ஈஎம்-2 ஆகும். போலந்திலிருந்து வந்த ஸ்டெஃபான் ஜான்சன் தலைமையில் உருவான இது 35 அங்குல நீளம் கொண்டது. அதுவரை படையினர் சுமந்த லீ-என்ஃபீல்டு 44 அங்குலம். இரண்டின் குழல் நீளமும் ஏறக்குறைய சமம். 1951இல் அட்லி அரசு ஈஎம்-2ஐ ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சில் அம்முடிவைக் கைவிட்டார். துப்பாக்கி சரியில்லை என்பதல்ல காரணம். அதன் .280 தோட்டாவை அமெரிக்கா ஏற்கவில்லை. நேட்டோ நாடுகள் 7.62×51 மி.மீ. தோட்டாவைப் பொது அளவாகக் கொண்டன.

லண்டனில் நடந்த இந்த மாற்றம் இந்தியாவையும் தொட்டது. ஈஎம்-2க்குப் பதிலாக பிரித்தானியா பெல்ஜியத்தின் ஃபால் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. அதையொட்டி வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் உருவானதே, நம் படையினர் எஸ்எல்ஆர் என்று அழைத்த 1ஏ1 துப்பாக்கி. அதன் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல்.

புல்பப் மீண்டும் எழுந்தது 1970களின் பிற்பகுதியில். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஏயூஜி, பிரான்சின் ஃபமாஸ், 1985இல் பிரித்தானியாவின் எஸ்ஏ-80, 1990களில் சீனாவின் க்யூபிசெட்-95 ஆகியவை வரிசையாக வந்தன. எஸ்ஏ-80 1991 வளைகுடாப் போரின் மணலில் அடிக்கடி அடைத்துக்கொண்டு அவப்பெயர் பெற்றது. பிறகு ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் அதைத் திருத்திக்கொடுத்தது. ஃபமாசுக்குப் பதிலாக வழக்கமான அமைப்புடைய எச்கே-416ஐ பிரான்ஸ் 2016இல் தேர்ந்தெடுத்தது. சீனா 2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் தன் புதிய துப்பாக்கியைக் காட்டியபோது அதுவும் வழக்கமான அமைப்புக்கே திரும்பியிருந்தது. அடுத்த பத்து நாட்களில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்து அர்ச்சுனன் தபசு முன் நின்றார். அந்த வாரச் செய்திகளில் துப்பாக்கிக்கு இடமிருக்கவில்லை.

சிங்கப்பூர்: தமிழ் இளைஞர் கையில் புல்பப்

தமிழர் வாழும் நாடுகளுள் புல்பப் துப்பாக்கியைத் தானே வடிவமைத்து, படை முழுமைக்கும் கொடுத்த நாடு சிங்கப்பூர். 1967இல் அங்கு கட்டாயத் தேசிய சேவை தொடங்கியது. அதே ஆண்டில் சார்ட்டர்டு இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற அரசு நிறுவனமும் தோன்றியது. முதலில் அமெரிக்க எம்-16ஐ உரிமம் பெற்றுச் செய்தார்கள். எம்-16 ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். பதினெட்டு வயதுச் சிங்கப்பூர் இளைஞனின் உடல்வாகுக்கும், அடர்காட்டுக்கும், அடுக்குமாடி நகரத்துக்கும் அது நீளம்.

1990களின் நடுவில் தொடங்கிய வடிவமைப்புப் பணி 1999இல் எஸ்ஏஆர்-21 ஆக வெளிவந்தது. குழல் எம்-16இன் அதே 508 மி.மீ.; மொத்த நீளம் 805 மி.மீ. புல்பப் முறையின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை தேடியிருப்பதுதான் இந்தத் துப்பாக்கியின் சிறப்பு. தோட்டா அறை கன்னத்துக்கு அருகில் என்பதால், அது வெடித்தாலும் முகத்தைக் காக்கும்படி கன்னம் படியும் இடத்தில் கெவ்லார் தகடு வைத்தார்கள்; வாயு வேறு வழியே வெளியேறவும் வழி செய்தார்கள். மேலே உள்ள கைப்பிடியிலேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் பார்வைக் குழாயைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பினார்கள். தோட்டாக் கூட்டை ஒளி ஊடுருவும் பொருளால் செய்ததால், மிச்சமுள்ள தோட்டாக்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் முழு விடை கிடைக்கவில்லை. அவர்களும் வலத்தோளில் வைத்தே சுடப் பழகுகிறார்கள்.

இது சிங்கப்பூருக்குச் சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கு ஆண்டுதோறும் புதியவர்கள் படைக்கு வருகிறார்கள். அவர்கள் கையில் எடுக்கும் முதல் துப்பாக்கியே புல்பப். மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. அங்கு தேசிய சேவை முடித்த தமிழ் இளைஞர்கள் பல்லாயிரவர். புல்பப் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மாட்டத் தெரிந்த தமிழர்களில் பெரும்பாலோர் அவர்களாகவே இருப்பார்கள்.

இன்சாசும் வராத கார்பைனும்

1962 சீனப் போரில் இந்தியப் படையினரின் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய .303 லீ-என்ஃபீல்டு. அந்தப் பாடத்துக்குப் பின் 1ஏ1 வந்தது. திருச்சிக்கு அருகே நவல்பட்டில் 1966இல் ஆயுதத் தொழிற்சாலையும் வந்தது. 1980களில் 5.56 மி.மீ. அளவுக்கு மாற முடிவானபோது, புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் இன்சாஸ் என்ற குடும்பத்தை வடிவமைத்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டிஆர்டிஓவின் ஓர் ஆய்வகமே இது. ஒரே அடிப்படையில் துப்பாக்கி, இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் ஆகிய மூன்றும் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். கார்பைன் என்பது குட்டையான துப்பாக்கி. வண்டி ஓட்டுநர், சமிக்ஞைப் படையினர், வீடு வீடாகத் தேடுதல் நடத்துவோர் போன்றவர்களுக்கானது.

துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் 1990களில் படைக்கு வந்தன. இஷாப்பூர், கான்பூர், திருச்சி தொழிற்சாலைகள் இவற்றைத் தயாரித்தன. 1999 கார்கில் குளிரில் இன்சாசின் பிளாஸ்டிக் தோட்டாக் கூடுகள் விரிசல் விட்டன என்ற குறை பரவலாகப் பேசப்பட்டது. கார்பைனையோ ராணுவம் ஏற்கவே இல்லை. முழு அளவு 5.56×45 தோட்டாவைக் குட்டைக் குழலில் சுட்டால் தீயும் ஓசையும் உதைப்பும் மிகும் என்பதை மேலே பார்த்தோம். அந்தச் சிக்கல் இங்கே நேரடியாக வந்து நின்றது. பழைய 9 மி.மீ. ஸ்டெர்லிங் கார்பைன் 1940களின் வடிவம். அதற்கு மாற்று இல்லாமலே ஆண்டுகள் கழிந்தன. காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பணி உச்சத்தில் இருந்த காலம் அது. வீட்டுக்குள் நுழையும் வீரனுக்குக் குட்டையான, நம்பத்தக்க துப்பாக்கி மிகவும் தேவைப்பட்டபோது அது இல்லை என்பதை இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதியாகவே சொல்ல வேண்டும்.

டவோர் வருகை

இந்தக் காலி இடத்தில்தான் டவோர் வந்தது. 2002 இறுதியில் சிறப்புப் படைகளுக்காக 3,070 டவோர் துப்பாக்கிகளை வாங்க இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. இந்நிறுவனத்தின் சிறு ஆயுதப் பிரிவே 2005இல் தனியார்வசமாகி ஐடபிள்யூஐ ஆனது. முதலில் வந்த சில நூறு துப்பாக்கிகள் களத்துக்கு நிறைவாக இல்லை என்று திருப்பிச் சொல்லப்பட்டது. திருத்தங்கள் செய்து, 2006இல் இஸ்ரேலில் மறுசோதனை நடத்திய பிறகே மீதி வந்தன. பாரா சிறப்புப் படை, கடற்படையின் மார்கோஸ், விமானப்படையின் கருடா ஆகியவற்றின் வீரர்கள் இதனுடன் நிற்கும் படங்கள் இன்று பலரும் அறிந்தவை. இதன் சிறிய வடிவமான எக்ஸ்-95, 330 மி.மீ. குழலுடன் 580 மி.மீ. நீளமே கொண்டது; மத்திய ஆயுதக் காவல் படைகளும் இதை வாங்கின.

சிறப்புப் படைகளில் புல்பப் வேரூன்றியதும் பொதுக் காலாட்படையில் வேரூன்றாததும் முரண் அல்ல. சிறப்புப் படை வீரர் ஒரு மாதத்தில் சுடும் தோட்டாக்களைச் சாதாரணப் படைவீரர் ஓராண்டிலும் சுடுவதில்லை. கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள முன்னவருக்கு நேரமும் தோட்டாவும் உண்டு.

2017இல் மத்தியப் பிரதேசத்தின் மாலன்பூரில், பிஎல்ஆர் சிஸ்டம்ஸ் என்ற கூட்டு நிறுவனம் இஸ்ரேலிய ஆயுதங்களை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. எக்ஸ்-95உம் அவற்றில் ஒன்று.

அரை புல்பப்

இன்சாஸ் கார்பைன் கைவிடப்பட்ட பின், புனே ஆய்வகம் தோட்டாவையே மாற்றிப் பார்த்தது. 5.56×45க்குப் பதில் உறை 15 மி.மீ. குட்டையான 5.56×30 தோட்டா. இதில் வெடிமருந்து குறைவு. எனவே குட்டைக் குழலிலும் அது பெரும்பாலும் எரிந்து முடியும், உதைப்பும் குறையும். தொலைவு குறைவதை ஏற்றுக்கொண்டார்கள். கார்பைன் நெருங்கிய சண்டைக்கானதுதானே.

2000களில் இத்தோட்டாவுக்காக எம்எஸ்எம்சி என்ற நவீன கார்பைன் வரையப்பட்டது. அதன் முதல் வடிவம் புல்பப். பின்னர் அதை மாற்றி, இஸ்ரேலின் உசி துப்பாக்கியைப் போலக் கைப்பிடிக்குள்ளேயே தோட்டாக் கூடு செல்லும்படி செய்தார்கள். இந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. தோட்டாக் கூடு விசைக்கு முன்னாலும் இல்லை, கன்னத்துக்கு அடியிலும் இல்லை. பிடிக்கும் கையிலேயே இருக்கிறது. இருட்டிலும் ஒரு கை மற்றொரு கையைத் தேடிச் செல்லும் என்பதால் கூட்டை மாற்றுவது எளிது. எடை கைக்கு மேலேயே அமைவதால் ஒரு கையாலும் சுடலாம். பின்கட்டை இழுத்து நீட்டும் வகை. குழலும் இயங்கு பகுதியும் கைப்பிடியின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நீளமும் மிச்சமாகிறது. புல்பப்பின் ஆதாயத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அதன் இரண்டு பெரிய குறைகளை விட்டுவிட்டார்கள்.

டிஆர்டிஓவும் ஆயுதத் தொழிற்சாலை வாரியமும் இணைந்து செய்ததால் இது கூட்டு முயற்சிப் பாதுகாப்புக் கார்பைன் என்ற பொருளில் ஜேவிபிசி என்று பெயர் மாறியது. கோடை வெப்பத்திலும் குளிர்கால மலை உச்சியிலும் நடந்த சோதனைகளின் இறுதிக் கட்டம் 2020 டிசம்பர் 7 அன்று முடிந்தது. அரசின் அறிவிப்பே இதனை 'அரை புல்பப்' என்று குறிப்பிட்டது. எடை சுமார் 3 கிலோ. நிமிடத்துக்கு 700க்கும் மேற்பட்ட தோட்டா வேகம். பயன்தரு தொலைவு 100 மீட்டருக்கும் மேல். துப்பாக்கி கான்பூரிலும் தோட்டா புனேயின் கிர்க்கியிலும் தயாராகின்றன. உள்துறை அமைச்சகத்தின் சோதனையிலும் தேறி, மத்தியக் காவல் படைகளும் மாநிலக் காவல்துறைகளும் வாங்கும் நிலைக்கு வந்தது.

வடிவமைப்பு நன்று என்பதற்காக ராணுவம் முழுதும் அதை எடுத்துக்கொண்டுவிடவில்லை. 2018இல் ராணுவம் 93,895 கார்பைன்களுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தின் கராக்கல் நிறுவனத்தைத் தேர்ந்தது. 2020இல் அது கைவிடப்பட்டது. 2022இல் 4.25 லட்சம் கார்பைன்களுக்கு மீண்டும் விலைப்புள்ளி கோரப்பட்டது. இரண்டு முறையும் கேட்கப்பட்டது 5.56×45 தோட்டாவுக்கான கார்பைன். படைப்பிரிவில் துப்பாக்கி வைத்திருப்பவரும் கார்பைன் வைத்திருப்பவரும் ஒரே தோட்டாவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே இதற்குப் பின்னால் இருக்கிறது. 1951இல் ஈஎம்-2ஐ வீழ்த்தியது அதன் வடிவமல்ல, அதன் தோட்டா. எழுபது ஆண்டுகள் கழித்து இங்கும் ஏறக்குறைய அதுவே நடந்தது.

திருச்சி

இதற்கிடையே நவல்பட்டுத் தொழிற்சாலை தன் வழியில் சென்றது. இன்சாசுடன், 20 மி.மீ. வரையிலான பெரிய தோட்டாக்களைச் சுடும் வித்வன்சக் துப்பாக்கி, 40 மி.மீ. குண்டு வீசும் கருவி, கப்பல்களில் பொருத்தும் 12.7 மி.மீ. துப்பாக்கி என அதன் தயாரிப்புகள் விரிந்தன. 2010களில் ஏகே வகையைத் தழுவி 7.62×39 மி.மீ. அளவில் திருச்சி அசால்ட் ரைஃபிள் உருவானது. இதன் ஆங்கிலச் சுருக்கமும் டார் என்பதால், டவோரின் டார்-21 என்ற பெயருடன் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை. பின்னர் அதன் குட்டை வடிவமும் திருச்சியில் செய்யப்பட்டது. அங்கும் நீளத்தைக் குறைக்கக் கையாண்ட வழி மடக்கும் பின்கட்டையும் குட்டைக் குழலும்தான், புல்பப் அல்ல. ஏகே வகைக்குப் பழகிய காவல் படைகளை வாடிக்கையாளராகக் கொண்ட ஒரு தொழிற்சாலைக்கு அது அறிவுள்ள முடிவே.

2018 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் தொழில் தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டுக்குரியது 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவை அதன் ஐந்து மையங்கள். 2021 அக்டோபர் 1 அன்று ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. திருச்சித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. ஜேவிபிசி தயாராகும் கான்பூர்ச் சிறு ஆயுதத் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தது.